பசை முகர்வது சாராயத்தைவிடத் தேவலையா?

ரங்கூனிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: தம்பி மகனுக்கு 14 வயது, செருப்புப் பசையைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முகர்கிறான், சாராயத்துக்கு இது தேவலை என்று விட்டுவிடலாமா?

விடவே கூடாது அக்கா. சாராயம் வயிற்றில் இறங்கிப் போதை ஏற நேரம் பிடிக்கும். பசையிலுள்ள டொலுயின் என்ற ரசாயனத்தின் ஆவி நுரையீரல் வழியாகச் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். இதயத் துடிப்பின் ஒழுங்கையும் அது கெடுக்கும். அந்த நேரம் பார்த்து ஓடினாலோ, யாராவது அதட்டித் திடுக்கிட்டாலோ, அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து இதயம் அப்படியே நின்றுவிடலாம். முதல் தடவை முகர்ந்தவனுக்கும் இது நடக்கலாம். அதனால் கையும் களவுமாகப் பிடித்தாலும் துரத்தாதீர்கள், அடிக்காதீர்கள். பையை மெல்ல வாங்கிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே ஆஸ்பத்திரி.

நாள்பட்டால் மூளை நரம்புகளின் உறை சிதையும். கை நடுங்கும், நடை தள்ளாடும், படித்தது மனதில் நிற்காது. சிறுநீரகமும் கெடும்.

நான் பர்மாவிலேயே மோல்மேன் ஊரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். ஒரு பையன், வண்டியே இல்லாதவன், ஒரே வாரத்தில் மூன்று தடவை சொல்யூஷன் டியூப் கேட்டு வந்தான். வாயைச் சுற்றிச் சிவந்த புண், சட்டைக் கையில் காய்ந்த பசை. அன்றிலிருந்து பிள்ளைகள் கையில் டியூப் கொடுப்பதில்லை; பஞ்சரை நானே ஒட்டிவிடுகிறேன். உங்கள் வீட்டில் தின்னர், பெட்ரோல் பாட்டில் இருந்தால் இன்றைக்கே பூட்டி வையுங்கள் அக்கா.