வாசகர் கேள்விகள்: சுண்ணாம்புக் கோடு போட்டவர்கள்

கேள்வி: எங்கள் பெரியப்பா சென்ற ஆண்டு 81 வயதில் காலமானார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மேகசின் பேரக்ஸ் என்ற குடியிருப்பில் வளர்ந்து, 1960-களில் குடும்பத்தோடு சாட்ஸ்வர்த்துக்கு வந்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் பகுதிச் சிறுவர்களுக்குக் கால்பந்துக் குழு நடத்தினார். கோயில் திருவிழாவில் அன்னதானப் பந்தியையும் அவரே பார்த்துக்கொள்வார். ஆண்டுத் திதிக்கு அவரைப் பற்றி ஒரு சிறு மலர் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பதவி, பட்டம், பதக்கம் எதுவும் அவரிடம் இல்லை. ஒரு சாவிக்கொத்தும், சிறுவர்களின் பெயரும் சந்தாவும் எழுதிய மூன்று நோட்டுகளும்தான் இருக்கின்றன. சில பெயர்களுக்கு நேரே தொகைக்குப் பதிலாக ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிறார். இவற்றை வைத்துக்கொண்டு என்ன எழுத முடியும்?
வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: முதலில் அந்த மூன்று நோட்டுகளையும் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் எழுதப்போகும் மலருக்கு அவற்றைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

அந்தப் புள்ளியைப் பற்றி எனக்கு ஓர் ஊகம் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் குழு நடத்தினார். எல்லாரும் அவரை மாமா என்றே அழைத்தோம். சந்தா கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையின் பெயருக்கு நேரே அவர் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் பிள்ளையிடம் யாரும் பணம் கேட்கக் கூடாது, மற்றப் பிள்ளைகளுக்கும் அது தெரியக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. பல ஆண்டுகள் கழித்து அவருடைய நோட்டைப் புரட்டியபோது என் பெயருக்கு நேரேயும் வரிசையாகப் புள்ளிகள் இருந்ததைப் பார்த்தேன். என் அப்பாவுக்கு வேலை இல்லாதிருந்த மாதங்கள் அவை. உங்கள் பெரியப்பாவின் புள்ளிக்கும் இதுதான் பொருளா என்பதை அவரோடு வேலை செய்தவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். புள்ளி இருந்தவர்களின் பெயரை மட்டும் அச்சில் ஏற்ற வேண்டாம். அவர் மறைத்துக் காத்ததை நாம் வெளியிடுவது முறையாகாது.

அடுத்து, சனிக்கிழமைக் காலைகளை எழுதுங்கள். எங்கள் மாமாவிடம் 6, 10, 18 கஜத்தில் முடிச்சுப் போட்ட ஒரு கயிறு இருந்தது. பனி காயுமுன் கிரவுண்டுக்குப் போய், நடுப்புள்ளியில் ஓர் ஆணியை அடித்து, கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்து, பத்தாவது கஜத்து முடிச்சைப் பிடித்தபடி சுற்றி நடந்து, பால் டின்னில் துளையிட்டு நிரப்பிய சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே வட்டத்தை முடிப்பார். வட்டம் தொடங்கிய இடத்தில் சரியாக வந்து சேராவிட்டால் காலால் அழித்துவிட்டு மறுபடியும் போடுவார். விளையாடப் போவது பத்து வயதுப் பிள்ளைகள். பார்க்க வருவது நான்கைந்து தாய்மார்கள். ஆனாலும் வட்டம் வட்டமாக இருக்க வேண்டும். உங்கள் பெரியப்பாவின் சாவிக்கொத்தில் உள்ள ஒவ்வொரு சாவியும் எந்தக் கதவுக்கு உரியது, அந்தக் கதவை எத்தனை மணிக்குத் திறந்தார், ஜெர்சிகளை யார் வீட்டில் துவைத்தார்கள், பந்து வாங்கப் பிரியாணிப் பொட்டலம் விற்றபோது அண்டாவின் முன் யார் நின்றார்கள் என்றெல்லாம் விசாரியுங்கள். பெரியம்மா இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள். இத்தகைய மனிதர்களின் உழைப்பில் பாதி வீட்டுப் பெண்களின் தோளில் இருந்தது. மலர்களில் அது பெரும்பாலும் ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது.

அவர் வாழ்ந்த காலத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த உழைப்பின் எடை இளையவர்களுக்குப் புரியும். தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்குப் பந்தாட்டம் நேற்று வந்ததன்று. இந்தியர் அணிகள் மோதிய சாம் சைனா கோப்பைக் கால்பந்துப் போட்டி 1903-இலேயே தொடங்கியது. டர்பனில் கரீஸ் ஃபவுண்டன் மைதானம் நம்மவர்களின் ஆட்டத்துக்கும் அரசியல் கூட்டங்களுக்கும் தாய்வீடாக விளங்கியது. நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில், நெருக்கி அடித்த அறைகளுக்கு நடுவேயும் சங்கங்களும் பஜனையும் விளையாட்டும் செழித்திருந்தன. மக்களை இனவாரியாகத் தனித்தனிப் பகுதிகளுக்குப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் அந்த வாழ்வைப் பிய்த்து எறிந்தது. ஒரே வரிசையில் வளர்ந்த பிள்ளைகள் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் யூனிட் எனப்படும் வெவ்வேறு பிரிவுகளுக்குச் சிதறினார்கள். வீடு கட்டித் தந்த அரசு, பிள்ளைகள் ஓடுவதற்குச் சமமான இடம் தருவதில் அக்கறை காட்டவில்லை. அப்படிப்பட்ட மேட்டிலும் பள்ளத்திலும் கல் பொறுக்கி, கோல் கம்பம் நட்டு, சிதறிய தெருவை மறுபடியும் ஒரு குழுவாகக் கூட்டியவர்களில் உங்கள் பெரியப்பாவும் ஒருவர். பதவி இல்லையே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. மூன்று நோட்டுகளிலும் உள்ள பெயர்களை எண்ணிப் பாருங்கள். மலரின் முதல் வரியாக அந்த எண்ணையே வையுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா, தாம் நடத்திய கிரிக்கெட் குழுவை 1970-களில் வெள்ளையர் சங்கத்தின் நல்ல மைதானத்தில் ஆட விட மறுத்தாராம். பிள்ளைகளுக்குக் கிடைத்த வாய்ப்பைக் கெடுத்தது சரியா?
வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: சரி என்றே நான் நம்புகிறேன். நிறவெறிச் சட்டங்கள் அனைத்தும் நடப்பில் இருக்க, ஆட்டம் நடக்கும் சில மணி நேரம் மட்டும் எல்லாரும் சமம் என்று உலகுக்குக் காட்ட அன்றைய அரசு முயன்றது. 1973-இல் டர்பனில் உருவான தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றமான சாகோஸ் இதை ஏற்கவில்லை. இயல்பற்ற சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்பது, கிரிக்கெட் நிர்வாகி ஹசன் ஹோவாவின் பெயரோடு நிலைத்துவிட்ட முழக்கம். அந்தக் கொள்கைக்காக உங்கள் தாத்தாவைப் போன்றவர்கள் கரடுமுரடான தரையையே தேர்ந்தெடுத்தார்கள். நிறவெறிக்காக விலக்கப்பட்டதால், ஒலிம்பிக்கில் 1960-க்குப் பிறகு 1992-இல்தான் இந்நாடு மீண்டும் கால் வைத்தது. பார்சிலோனாவுக்குச் சென்ற அந்த அணிக்குத் தலைமையேற்றவர் டர்பனில் பிறந்து, ஆசிரியராக வேலை பார்த்து, லண்டனில் இருந்தபடி நிறவெறி விளையாட்டுக்கு எதிரான புறக்கணிப்பு இயக்கத்தை நடத்திய சாம் ராம்சாமி. இடைப்பட்ட ஆண்டுகளில் திறமை இருந்தும் பெரிய மைதானத்தைக் காணாமலே வயதாகிப்போன பிள்ளைகள் ஏராளம். அந்த இழப்பு உண்மையானது. உங்கள் தாத்தாவும் அதை உணர்ந்தே மறுத்திருப்பார்.

கேள்வி: எங்கள் பகுதியில் 13 வயதுக்கு உட்பட்டோர் குழுவை நடத்தி வந்த அண்ணன் முதுமையால் விலகுகிறார். என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எனக்கு வயது 24. எங்கிருந்து தொடங்குவது?
வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு பருவம் முழுவதும் அவர் அருகிலேயே நின்று வேலையைப் பழகுங்கள். எந்தத் தாய் இரவு வேலைக்குப் போகிறாள், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்பவை அவர் மனத்தில்தான் இருக்கும். எழுதி வைத்திருக்க மாட்டார்.

2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் என முடிவானவர்களின் பெயர்கள் தேசியக் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டில் இருக்கும். உங்கள் பெயரும் உங்களுக்குத் துணை நிற்பவர்களின் பெயரும் அதில் இல்லை என்ற சான்றைச் சமூக மேம்பாட்டுத் துறையிடம் விண்ணப்பித்துப் பெற்று, பெற்றோர் கேட்குமுன் நீங்களே காட்டுங்கள். எந்தப் பிள்ளையையும் தனியாக வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டாம். பணக் கணக்கை இரண்டு பேர் பார்க்கட்டும். முதல் சனிக்கிழமை யாராவது ஒரு தாயையோ தகப்பனையோ இடைவேளைக்கு ஆரஞ்சு நறுக்கித் தர அழையுங்கள். அடுத்த வாரம் வேறொருவரை அழையுங்கள். அண்ணனுக்கு எல்லைக்கோட்டின் ஓரமாக ஒரு நாற்காலி போட மறக்காதீர்கள்.