வாசகர் கேள்வி – பதில்: கொரியத் திரையில் குடியேறியவர்கள்

கேள்வி: கொரியப் படங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் மணமாகி வந்த அயல்நாட்டுப் பெண்களும் தென்படுகிறார்கள். அந்தச் சித்திரிப்பு நேர்மையானதா? (வாசகி, திருச்சி)

பதில்: இரக்கம் தாராளமாக இருக்கிறது, அவர்களுக்கென்று தனிக்கதைதான் அரிது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரையரங்கில் பார்த்த 'பஞ்ச்' (2011) படத்தில், ஏழைப் பள்ளி மாணவன் ஒருவனுக்குத் தன் தாய் பிலிப்பைன்ஸ் நாட்டவர் என்பது ஆசிரியர் சொல்லித்தான் தெரியவருகிறது. தாயும் மகனும் தயங்கித் தயங்கிப் பழகும் காட்சிகள் அழகானவை என்றாலும், இத்தனை ஆண்டுகள் அந்தப் பெண் தனியாக எப்படி வாழ்ந்தார் என்பதில் படம் அதிக அக்கறை காட்டுவதில்லை. மகனின் மனம் கனிவதற்காகவே அவர் கதைக்குள் வருகிறார். அந்த வேடத்தில் நடித்த ஜாஸ்மின் லீ, பிலிப்பைன்ஸில் பிறந்து கொரியரை மணந்து குடியேறியவர். 2012இல் தென்கொரிய நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகச் சென்றார். அவருடைய சொந்த வாழ்க்கை, படம் அவருக்குத் தந்த பாத்திரத்தைவிடப் பெரியது.

கேள்வி: சீனாவிலிருந்து வரும் கொரிய வம்சாவளியினரை மட்டும் ஏன் கத்தியும் கையுமாகவே காட்டுகிறார்கள்? (வாசகர், கோவை)

பதில்: 'ஜோசன்ஜோக்' எனப்படும் இவர்கள் முகத்தாலும் மொழியாலும் உள்ளூராரோடு கலந்துவிடக்கூடியவர்கள் என்பதால், மறைந்திருக்கும் வில்லனைத் தேடும் குற்றப்படங்களுக்கு வசதியாகிவிட்டார்கள் என்பது என் கணிப்பு. நா ஹாங்-ஜின் இயக்கிய 'தி யெல்லோ சீ' (2010), கடனில் மூழ்கிக் கொலை செய்ய அனுப்பப்படும், சீனாவின் யான்பியன் பகுதி டாக்சி ஓட்டுநரின் பக்கம் நின்றாவது கதை சொன்னது. பின்னால் வந்தவர்கள் அவருடைய கடனை மறந்து கோடரியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2017இல் வெளியான 'மிட்நைட் ரன்னர்ஸ்' சியோலின் தேரிம்-டோங் பகுதியைப் போலீசாரே நுழைய அஞ்சும் இடமாகச் சித்திரித்தது. உணவகங்களும் கடைகளும் நிறைந்த அந்தப் பகுதியின் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், வழக்கும் தொடுத்தார்கள். முதல் நீதிமன்றத்தில் தோற்றாலும், மேல்முறையீட்டில் தயாரிப்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென 2020இல் நீதிமன்றம் பரிந்துரைத்தது, நிறுவனமும் கேட்டது. 2017இலேயே வந்த 'தி அவுட்லாஸ்' படத்திலும் கொடூர வில்லன் ஜோசன்ஜோக்தான். ஆனால் அவனால் அல்லல்பட்டு, காவலர்களுக்குத் துணைநிற்கும் கடைக்காரர்களும் அதே சமூகத்தவர்களாக இருப்பது சற்று ஆறுதல்.

கேள்வி: கொரியர்களும் ஒரு காலத்தில் வெளிநாடு சென்று உழைத்தவர்கள்தானே, அதைப் படங்கள் நினைவுகூர்கின்றனவா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: 'ஓட் டு மை ஃபாதர்' (2014) நினைவுகூர்கிறது. 1960களில் ஜெர்மனியின் சுரங்கத்தில் உழைத்த நாயகன், முதுமையில், வெளிநாட்டுத் தொழிலாளர் இணையைக் கேலிசெய்யும் இளைஞர்களிடம் சண்டைக்குப் போகிறார். காட்சி சிறியது, உடனே முடிந்தும்விடுகிறது. முழுப்படமாகப் பார்க்க விரும்பினால் 'பந்தோபி' (2009) பாருங்கள். வெகுமக்கள் படமல்ல. ஆனால் சம்பளப் பாக்கிக்காக முன்னாள் முதலாளியைத் தேடி அலையும் அந்த வங்கதேசத் தொழிலாளர் அதில் கோபப்படுகிறார், வாதாடுகிறார், நட்புக் கொள்கிறார். யாருடைய இரக்கத்துக்கும் காத்திருப்பதில்லை.