முள்முதுகு எலிக்கு யார் பங்காளி?

கேள்வி: எங்கள் மிளகுத் தோட்டத்து மரப்பொந்து ஒன்றில் வாழும் எலிக்கு முதுகெல்லாம் தட்டையான முட்கள், வாலின் நுனியிலோ வெண்மயிர்க் கற்றை. இது அணில் இனம் என்கிறார் மாமனார்; மலபார் டார்மவுஸ் என்கிறது மகளின் புத்தகம். டி.என்.ஏ. ஆய்வு இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறதா? இதுவே எலிகளுக்கெல்லாம் மூதாதை என்பது உண்மையா?
– வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: தாங்கள் தந்துள்ள அடையாளங்கள், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பிளாட்டகாந்தோமிஸ் லாசியூரஸ் என்ற விலங்குக்குப் பொருந்துகின்றன; மகளின் புத்தகம் மலபார் டார்மவுஸ் என்பது இதையே. 1859-இல் எட்வர்ட் பிளைத் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். தேரிக்காடுகளில் திரியும் முள்ளெலி வேறு. அது கொறிக்கும் விலங்கே அன்று.

மரமேறும் பழக்கத்தையும் அடர்ந்த வாலையும் கண்டு இதனை டார்மவுஸ் என்ற மரமேறும் கொறிவிலங்குகளின் குடும்பத்தில் சேர்த்தார்கள். ஆனால் பற்கள் அதற்கு இடந்தரவில்லை. உண்மையான டார்மவுஸுக்கு மேல், கீழ்த் தாடைகளின் ஒவ்வொரு பக்கமும் நான்கு கடைவாய்ப் பற்கள் உண்டு, முன்பற்களையும் சேர்த்து மொத்தம் 20 பற்கள். இதற்கோ, வீட்டு எலியைப் போலவே, பக்கத்துக்கு மூன்றுதான், ஆக மொத்தம் 16. அணிலுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு எதுவும் கிடையாது.

எலிகளுக்குள் இதன் இடம் எது என்பதைத்தான் டி.என்.ஏ. காட்டிக்கொடுத்தது. பொதுவாக எவ்வளவு ஒத்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது இங்கே போதாது. யார் யார் ஒரே மாற்றத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதே முக்கியம். ஒரு மரபணுவின் குறிப்பிட்ட இடத்தில், தொலைவுச் சொந்தமான ஜெர்போவா எலிக்கு ‘ஏ’ என்ற டி.என்.ஏ. எழுத்தும், வீட்டு எலி, பெருச்சாளி, ஹாம்ஸ்டர் ஆகிய அனைத்துக்கும் ‘ஜி’ என்ற எழுத்தும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் விலங்கிலும் ‘ஏ’யே நீடித்தால், அந்த மாற்றம் நிகழ்வதற்கு முன்பே இதன் கிளை பிரிந்துபோயிருக்கலாம். இத்தகைய சான்றுகள் நூற்றுக்கணக்கில் ஒரே திசையைக் காட்டினால்தான் முடிவை நம்பலாம். செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. விரைந்து மாறுவதால், மிகப் பழைய பிரிவுகளின் தடயம் அதில் அழிந்துவிடுகிறது. ஆகவே விழித்திரைப் புரதத்துக்குரிய மரபணு, வளர்ச்சி ஹார்மோன் ஏற்பிக்குரிய மரபணு போன்று செல்லின் உட்கருவில் மெதுவாக மாறுபவற்றையே இதற்கு நாடுகிறார்கள்.

2009-இல் வெளியான ஆய்வு இப்படித்தான் நடந்தது. அதில் சோதிக்கப்பட்டது தங்கள் தோட்டத்து எலி அன்று. சீனா, வியட்நாம் மலைகளில் வாழும் டைஃப்லோமிஸ் என்ற அதன் உறவினர். இரண்டின் கடைவாய்ப் பற்களிலும் சாய்வான வரிமேடுகள் ஒரே பாங்கில் அமைந்திருப்பதால் இவற்றை ஒரே குடும்பமாகக் கொள்கிறார்கள். பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிய எலிப் பெருங்கூட்டத்திலிருந்து முதன்முதலில் பிரிந்த கிளை இக்குடும்பமே என்று அந்த ஆய்வு கண்டது.

இதனால் இதை மூதாதை என்று கொள்வது தவறு. ஏழு தலைமுறைக்கு முன் பாகம் பிரிந்துபோன பங்காளியின் பேரன் இன்று நம்முடன் வாழ்கிறார் என்பதற்காக அவரை நம் பாட்டனார் என்று சொல்ல முடியுமா? பிரிந்த பின் இந்தக் கிளையும் மற்றவற்றைப் போல அவ்வளவு காலமும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. அதன் டைஃப்லோமிஸ் சொந்தம், வௌவாலைப் போல எதிரொலியைக் கொண்டு இருளில் வழி அறிவது 2021-இல் உறுதிப்பட்டது.

ஒரு காலத்தில் இக்குடும்பம் பரந்து வாழ்ந்தது. ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 53 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட மயோசீன் காலத்தைச் சேர்ந்த இவற்றின் பற்கள் ஐரோப்பாவிலும் தாய்லாந்திலும் புதைபடிவங்களாகக் கிடைத்துள்ளன. இன்று எஞ்சியிருப்பவை நம் மலைகளிலும், சீன, வியட்நாமிய மலைகளிலும் வாழும் இவ்விரு கிளைகள் மட்டுமே.