வாசலில் மெத்தை, கையில் நோட்டீஸ்: கவுன்சிலைப் பற்றிய கேள்வி பதில்

லண்டனில் ஒரு கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், முதலில் தெருச் சுத்தப் பிரிவிலும் அப்புறம் வீடற்றோர் பிரிவிலும் வேலை பார்த்தவன் நான். அதனால் என்னிடம் வரும் கேள்விகளும் இரண்டு வகை. குப்பையைத் தெருவில் கொட்டிவிட்டுப் போகிறார்களே, கவுன்சில் என்ன செய்கிறது என்பது ஒன்று. வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள், கவுன்சில் இடம் தருமா என்பது இன்னொன்று. இரண்டிலும் நம் ஆட்கள் காரியம் கெட்ட பிறகுதான் கவுன்சில் வாசலுக்குப் போகிறார்கள். கீழே சொல்வதெல்லாம் இங்கிலாந்துச் சட்டம். ஸ்காட்லாந்து, வேல்ஸில் இருப்பவர்கள் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் ஹாம் வாசகர்: அண்ணா, பழைய சோபாவை எடுத்துப்போக ஒரு வேன்காரருக்குக் காசு கொடுத்தேன். அவர் அதை எங்கோ சந்தில் போட்டுவிட்டார் போல. இப்போது கவுன்சில் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறது. காசும் கொடுத்து அபராதமும் நானா?

ஆமாம், உங்களுக்கும் வரலாம். 1990-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் வீட்டுக் கழிவை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று விசாரித்துக் கொடுப்பது உங்கள் கடமை. விசாரிக்காமல் கொடுத்தால் 600 பவுண்டு வரை அபராதம் போடலாம். கொட்டியவருக்கு அந்த இடத்திலேயே 1,000 பவுண்டு வரை. இந்த இரண்டு உச்சவரம்புகளும் 2023 ஜூலையில் ஏற்றப்பட்டவை. நீதிமன்றத்துக்குப் போனால் கொட்டியவருக்கு அபராதத்துக்கு வரம்பே இல்லை, 5 வருஷம் வரை சிறையும் உண்டு. ஆனால் வேன்காரர் கிடைப்பதில்லை. சோபாவோடு போட்ட பையில் உங்கள் பெயர் போட்ட கடிதம் கிடைக்கிறது. எங்கள் பிரிவில் கையுறை போட்டுக்கொண்டு பையைப் பிரித்துப் பார்ப்பது தினசரி வேலை. கேஸ் பில், பள்ளிக்கூடக் கடிதம், மருந்துக்கடை லேபிள் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு தடவை தமிழில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து என்னைப் படிக்கச் சொன்னார்கள். உறையில் விலாசம் முத்து முத்தாக எழுதியிருந்தது.

கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். கெடுவுக்குள் பதில் எழுதுங்கள். வேன்காரரின் விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், போன் நம்பர், காசு அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் இணையுங்கள். உண்மையான ஆளைப் பிடிக்க அது உதவும், உங்கள் மேல் வரும் கடுமையும் குறையும்.

அடுத்த முறைக்கு: குப்பை ஏற்றுபவருக்குச் சுற்றுச்சூழல் முகமையின் பதிவு இருக்க வேண்டும். அடுத்தவர் கழிவை ஏற்றுபவர்களின் பதிவெண் சி.பி.டி.யு. (CBDU) என்று தொடங்கும். முகமையின் இணையதளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். எண்ணைக் கேட்டதும் 'அதெல்லாம் எதுக்கு அண்ணே' என்று இழுத்தால் அனுப்பிவிடுங்கள். வேன் நம்பரைப் படம் எடுங்கள், ரசீது வாங்குங்கள். வழக்கமான கூலியில் பாதிக்கு ஒருவர் வருகிறார் என்றால், கொட்டும் இடத்தில் கட்ட வேண்டிய கட்டணத்தை அவர் கட்டப்போவதில்லை என்று அர்த்தம்.

ஹாரோ வாசகி: பழைய மேசையை வாசலில் வைத்து 'இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி ஒட்டினால் தப்பா?

நடைபாதையில் வைத்தால் தப்புதான். தாள் ஒட்டினாலும் அது குப்பை கொட்டியதாகவே கணக்கு. உங்கள் மதிலுக்குள் வைத்தால் பிரச்சினை இல்லை. தர்மக் கடைக்கு (சாரிட்டி ஷாப்) கொடுப்பதாக இருந்தால், சோபா, மெத்தை வகைகளில் தீப்பாதுகாப்பு லேபிள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதுச் சோபா வந்ததும் உறுத்துகிறது என்று அதைக் கத்தரித்துவிடுகிறோம். லேபிள் இல்லாவிட்டால் கடைக்காரர் தொடமாட்டார். பஞ்சு வைத்த இருக்கைகளை 2023 தொடக்கத்திலிருந்து நிலத்தில் புதைக்கவும் முடியாது, தனியாக எரித்தாக வேண்டும். கவுன்சில்கள் சோபாவுக்குத் தனிக் கட்டணம் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இல்ஃபோர்டு கடைக்காரர்: கடைக்குப் பின்னால் எங்கள் சொந்த இடத்தில் யாரோ கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டார்கள். கவுன்சில் வந்து அள்ளமாட்டேன் என்கிறது.

அநியாயமாகத் தோன்றும், ஆனால் சட்டம் அப்படித்தான். பொது இடத்தில் கிடந்தால் கவுன்சில் அள்ளும். தனியார் இடத்தில் கிடந்தால் இடத்துக்காரர் அள்ள வேண்டும். புகார் மட்டும் கட்டாயம் கொடுங்கள். அள்ளுவதற்கு முன் படம் எடுங்கள், கேமரா பதிவு அழிவதற்குள் எடுத்து வையுங்கள். கொட்டப் பயன்பட்ட வண்டியைக் கைப்பற்றக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. வண்டி நம்பர் கிடைத்தால்தான் அது நடக்கும்.

வால்தம்ஸ்டோ வாசகர்: எங்கள் தெருவில் ஒரே வீட்டு வாசலில் அடிக்கடி மெத்தை கிடக்கிறது. கவுன்சில் அள்ளுகிறது, மறுபடியும் வருகிறது. இதற்கு முடிவே இல்லையா?

முடிவு தெருச் சுத்தப் பிரிவிடம் இல்லை. இங்கிலாந்தில் 2023-24 கணக்கில் கவுன்சில்கள் பதிவு செய்தவை ஏறக்குறைய 11.5 லட்சம் சம்பவங்கள், அதில் 60 சதவீதம் வீட்டுக் கழிவு. அள்ளிக்கொண்டே இருந்தால் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஒரே வாசலில் மெத்தை வந்துகொண்டே இருக்கிறது என்றால், அந்த வீட்டுக்குள் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அறைக்கு இரண்டு கட்டில், கூடத்தைத் தடுத்து இன்னொன்று. ஆள் போனதும் மெத்தை வெளியே வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 5 பேரோ அதற்கு மேலோ சமையலறை, குளியலறையைப் பகிர்ந்து இருந்தால் வீட்டுக்காரர் கவுன்சிலிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். சில பகுதிகளில் சாதாரண வாடகை வீட்டுக்கும் உரிமம் வேண்டும். நியூஹாம் 2013-லேயே ஏறக்குறைய முழுப் பரப்புக்கும் அந்த முறையைக் கொண்டுவந்தது. உரிமம் உள்ள வீடுகளின் பட்டியலைக் கவுன்சிலில் பார்க்கலாம். அந்த வீடு அதில் இல்லையென்றால், குப்பைப் புகாரோடு நிற்காமல் தனியார் வாடகை வீட்டுப் பிரிவுக்கும் எழுதுங்கள்.

உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று நீங்கள் தயங்கலாம். நியாயமான தயக்கம். உரிமம் வாங்காதது வீட்டுக்காரரின் குற்றம், குடியிருப்பவருடையது அல்ல. கட்டிய வாடகையில் ஒரு பகுதியைத் தீர்ப்பாயத்தில் திரும்பக் கேட்கவும் அவர்களுக்கு வழி இருக்கிறது. முடிந்தால் அவர்களிடமும் அதைச் சொல்லுங்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள்.

டூட்டிங் வாசகி: வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். கவுன்சிலில் கேட்டால் 'பெய்லிஃப் வரும்வரை அங்கேயே இருங்கள்' என்கிறார்கள். பெய்லிஃப் என்றால் நீதிமன்ற உத்தரவோடு வந்து வெளியேற்றும் ஆள். மானம் போகாதா அண்ணா?

நோட்டீஸ் கிடைத்த அன்றே கவுன்சிலுக்குப் போனது நல்லது. 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டப்படி, 56 நாளுக்குள் வீடு போகும் நிலை என்றால் அதைத் தடுக்க உதவுவது கவுன்சிலின் கடமை. வீட்டுக்காரரோடு பேசுவது, வாடகைப் பாக்கிக்கு வழி பார்ப்பது, புது வீட்டுக்கு முன்பணம் கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். உங்களுக்கென்று எழுத்தில் ஒரு திட்டம் தர வேண்டும். தராவிட்டால் கேளுங்கள்.

'இருங்கள்' என்பதில் இரண்டு பக்கம் உண்டு. நோட்டீஸ் தேதி முடிந்தாலே வெளியேற வேண்டும் என்பதில்லை, நீதிமன்ற உத்தரவு வேண்டும். அவசரப்பட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், 'தானாகவே வீட்டை விட்டவர்' என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் பெரிய சிக்கல். ஆனால் பெய்லிஃப் வாரண்ட் வரை தள்ளிப்போடுவது முறையல்ல என்று கவுன்சில்களுக்கான அரசு வழிகாட்டியே சொல்கிறது. நீதிமன்ற உத்தரவு வந்ததும் அந்த வாசகத்தைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். கவுன்டரில் வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. இன்னொன்று, காரணம் சொல்லாமல் காலி பண்ணச் சொல்லும் செக்‌ஷன் 21 நோட்டீஸ் 2026 மே 1-லிருந்து இல்லை. உங்கள் நோட்டீஸின் தேதியையும் வகையையும் ஒரு ஆலோசகரிடம் காட்டுங்கள். பாதி நோட்டீஸ்களில் ஏதாவது ஓட்டை இருக்கும் என்பது என் அனுபவம்.

குரோய்டன் வாசகர்: அம்மாவுக்கு 72 வயது, இதய நோய். தங்கியிருக்கும் வீட்டில் இனி முடியாது என்கிறார்கள். அம்மாவைப் 'பலவீனமானவர்' என்று ஏற்பார்களா?

கர்ப்பிணிகள், பிள்ளைகளோடு இருப்பவர்கள் கவுன்சில் இடம் தருவதற்கான முன்னுரிமைக்குள் தானாகவே வருவார்கள். முதுமை, நோய், மனநலம் என்றால் நிரூபிக்க வேண்டும். 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் இது: ஒரு சாதாரண மனிதருக்கு வீடு போனால் படும் கஷ்டத்தைவிட இவருக்குக் கணிசமாக அதிகம் ஆகுமா? அதனால் 'அம்மாவுக்கு இதய நோய்' என்ற ஒரு வரிக் கடிதம் போதாது. குளிரில் மூச்சு என்ன ஆகும், எத்தனை படி ஏற முடியும், குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய மருந்து உண்டா, தனியாக விட்டால் மாத்திரையை மறப்பாரா என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். விசா நிலையையும் முதலில் பாருங்கள். 'பொது நிதி கிடையாது', அதாவது அரசு உதவிப்பணமோ வீட்டு உதவியோ கேட்கக்கூடாது, என்ற நிபந்தனை இருந்தால் இந்த வழி அடைபடும். அப்போது சமூக சேவைப் பிரிவை 2014-ம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் கேட்க வேண்டும்.

மிட்சம் வாசகி: வேறு ஊரில் வீடு தருகிறோம் என்கிறார்கள். மகனுக்கு ஜி.சி.எஸ்.இ. வருஷம். மறுத்துவிடலாமா?

மறுக்க வேண்டாம். மறுத்தால் கடமை முடிந்தது என்று கவுன்சில் கோப்பை மூடிவிடலாம். இறுதி வீடாகக் கொடுக்கிறார்கள் என்றால், ஒப்புக்கொண்டு குடிபோய்க்கொண்டே 'இது எங்களுக்குப் பொருந்தாது' என்று மறுபரிசீலனை கேட்கும் உரிமை உண்டு. கெடு 21 நாள். தற்காலிக இடம் என்றாலும் உடனே மறுக்காமல் ஆலோசகரிடம் போங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம், முடிந்தவரை தன் எல்லைக்குள்ளேயே இடம் தர வேண்டும், முடியாவிட்டால் ஏன் என்று காட்ட வேண்டும் என்றது. தேர்வு வருஷம், மருத்துவமனை, வேலை எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளோடு பி அண்ட் பி விடுதியில் வைத்திருந்தால் 6 வாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. தேதியைக் குறித்துவைத்து ஏழாவது வாரம் தொடங்கும் அன்றே எழுதுங்கள்.

பெயர், ஊர் வேண்டாம் என்றவர்: அடி தாங்க முடியவில்லை. வீட்டை விட்டு வந்தால் 'நீயாகத்தானே வந்தாய்' என்பார்களா?

இல்லை தங்கச்சி. அடி, மிரட்டல், காசைப் பிடுங்கி அடக்கி வைப்பது எல்லாமே வன்முறைதான் என்று சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட வீடு இருந்தும் இல்லாத மாதிரி. 2021-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குப் பிறகு இதனால் வீடிழந்தவருக்குத் தானாகவே முன்னுரிமை உண்டு. எந்தக் கவுன்சிலுக்கும் போகலாம், ஆபத்து இருக்கும் ஊருக்கே திருப்பி அனுப்பக்கூடாது. போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் பார்க்கமாட்டோம் என்றால் அது தவறு. மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், ஊர்க்காரராக இல்லாமல் போன் வழியாக வேண்டும் என்று சொல்லுங்கள். இப்போதே ஆபத்து என்றால் 999.

அகதி உரிமை கிடைத்த இளைஞர்: என்னை வடக்கே ஒரு ஊரில் வைத்திருந்தார்கள். இப்போது லண்டனில் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் அரசு கடைசியாக உங்களை வைத்திருந்த ஊரோடுதான் உங்களுக்குத் தொடர்பு என்று சட்டம் கணக்கு வைக்கும். லண்டனில் நெருங்கிய உறவோ நிலையான வேலையோ இல்லாவிட்டால் அங்கேயே அனுப்பிவைப்பார்கள். தனி ஆளாக, நோய் நொடி இல்லாமல் இருந்தால் லண்டனில் பெரும்பாலும் ஆலோசனைதான் கிடைக்கும், அறை கிடைக்காது. முடிவுக் கடிதம் வந்த அன்றே அந்த ஊர்க் கவுன்சிலில் பதிவு செய்யுங்கள்.

வெம்பிளி வாசகர்: ஸ்டேஷன் பக்கம் ஒருவர் படுத்திருக்கிறார். யாரிடம் சொல்வது?

ஸ்ட்ரீட்லிங்க் இணையதளத்தில் பதியுங்கள். சரியான இடம், நேரம், என்ன உடை என்று எழுதினால்தான் களப்பணியாளர்கள் கண்டுபிடிப்பார்கள். 'ஸ்டேஷன் பக்கம்' என்றால் போதாது.

சௌத்ஹால் வாசகர்: நான் வேலைக்குப் போயிருந்தபோது வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டு என் சாமான்களை நடைபாதையில் போட்டுவிட்டார். கவுன்சில் லாரி வந்து அள்ளிப்போய்விட்டது.

நீதிமன்ற உத்தரவில்லாமல் பூட்டை மாற்றுவது 1977-ம் ஆண்டு வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டப்படி (Protection from Eviction Act) கிரிமினல் குற்றம். ஒரே கூரையின் கீழ் வீட்டுக்காரரோடு சமையலறை பகிர்ந்து இருந்தவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு குறைவு. உங்கள் பொருளை அவர் பத்திரமாக வைத்து, எடுத்துப்போக அவகாசமும் தர வேண்டும். வாசலில் போட்டது குப்பை கொட்டிய குற்றத்திலும் வரும். அள்ளியவர்களிடம் எந்தக் கிடங்குக்குப் போனது என்று இன்றே கேளுங்கள், அமுக்கப்படுவதற்கு முன் பாஸ்போர்ட் கிடைக்கலாம். கவுன்சிலின் வாடகைதாரர் உறவு அதிகாரியைக் கேளுங்கள். அவர்தான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கதவைத் திறக்க வைப்பார், வழக்கும் போடுவார். போலீஸ் 'இது சிவில் விவகாரம்' என்று சொல்லி நழுவப் பார்த்தால் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். அலுவலகம் மூடியிருந்தால் ஒவ்வொரு கவுன்சிலுக்கும் இரவு நேர அவசர எண் இருக்கிறது. ஒப்பந்தத் தாள், வாடகை கட்டிய பேங்க் விவரம் இரண்டும் போனில் இருக்கட்டும், சார்ஜரையும் மறக்காதீர்கள்.