காரில் எதை வைத்திருப்பது: ஜம்பர் கேபிளா, ஜம்ப் ஸ்டார்ட்டரா?

பேட்டரி செத்து வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது இரண்டுமே உதவும்: கேபிள் என்பது இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைக்கும் கம்பி, ஸ்டார்ட்டர் என்பது கையில் எடுத்துப்போகும் சிறு பேட்டரிப் பெட்டி. தனியாக ஓட்டுபவர் என்றால் ஜம்ப் ஸ்டார்ட்டர்தான் என் தேர்வு. கேபிள் வருடக்கணக்கில் டிக்கியில் கிடந்தாலும் கெடாது. ஆனால் இன்னொரு வண்டி வந்து நின்றால்தான் அதற்கு வேலை. நடுராத்திரியில் யாரைத் தேடுவது? ஸ்டார்ட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் லித்தியம் பேட்டரி, சும்மா இருந்தாலும் சார்ஜ் மெல்ல இறங்கும். 3 மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

கேபிள்தான் என்றால் தடிமனானதாக வாங்குங்கள். மெல்லிய கம்பி சூடாகுமே தவிர எஞ்சின் சுற்றாது. முதலில் சிவப்பை செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். அப்புறம் கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் மறுமுனை செத்த பேட்டரியில் அல்ல, அந்த வண்டி எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். பொறி பறப்பது அந்தக் கடைசித் தொடுதலில்தான்.