பாகம் ஏற ஏற எடையும் ஏறுவது ஏன்?

(மாயாஜாலத் தொடர் நாவல்களைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில்களில் கதை முடிச்சுகள் அவிழ்கின்றன. இன்னும் படித்து முடிக்காதவர்கள் அந்தந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

கேள்வி: ஹாரி பாட்டர் ஏழு புத்தகங்களையும் முடித்துவிட்டேன். முதல் மூன்றும் பறந்தன. நான்காவது ஊதத் தொடங்கியது. ஐந்தாவதைத் தாங்க முடியவில்லை. ஹாரி எல்லோர் மேலும் எரிந்து விழுகிறான். கடைசியில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் சொல்வதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் புத்தகம் மிச்சமாகியிருக்கும். புகழ் வந்ததும் எடிட்டர்கள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார்கள் என்கிறேன். சரிதானே?

பதில்: பாதி சரி. பிரிட்டிஷ் முதல் பதிப்பில் மூன்றாவது புத்தகம் 317 பக்கம், நான்காவது 636, ஐந்தாவது 766. ஐந்தாவதைச் சுருக்கியிருக்கலாம் என்று எழுதிய ரௌலிங்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார். நான்காவதை எழுதும்போது பாதி வழியில் கதையில் பெரிய ஓட்டை இருப்பதைக் கண்டு திருத்தி எழுத வேண்டியிருந்தது என்றும் சொல்லியிருக்கிறார். அந்த அவசரத்தின் தடம் முதல் அச்சுகளில் இருக்கிறது. கல்லறைக் காட்சியில் வில்லன் வோல்டமோர்ட்டின் மந்திரக்கோலிலிருந்து, அது கொன்றவர்களின் நிழல்கள் கடைசியிலிருந்து முதல் நோக்கி வெளிவர வேண்டும். முதலில் இறந்தவர் ஹாரியின் அப்பா ஜேம்ஸ், பிறகு அம்மா லில்லி. ஆகவே லில்லிதான் முன்னால் வர வேண்டும். முதல் அச்சுகளில் ஜேம்ஸ் முந்திக்கொண்டார். பிறகு திருத்தினார்கள்.

ஆனால் ஐந்தாவதில் எதை வெட்டுவது? இங்கேதான் நாம் பிரிகிறோம். பிளாக் குடும்பத்து வீட்டை ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்யும் ஆறாம் அத்தியாயம் வெறும் பக்க நிரப்பல் போலத்தான் இருக்கும். அந்தக் குப்பையில் யாராலும் திறக்க முடியாத கனமான லாக்கெட் ஒன்று ஒரே வரியில் வந்து போகிறது. வோல்டமோர்ட் தன் ஆன்மாவின் ஒரு துண்டை ஒளித்துவைத்த லாக்கெட் அதுதான். ஆறாவது புத்தகத்தின் முடிவும் ஏழாவதின் முதல் பாதியும் அந்த ஒரு வரியில்தான் தொங்குகின்றன. ரானின் அண்ணன்கள் ஃப்ரெட்டும் ஜார்ஜும் சக மாணவன் மான்டேக்கைத் தள்ளிவிடும், உள்ளே போனவரை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் மறையும் அலமாரியும் அப்படித்தான். அது உடைந்தது இரண்டாம் புத்தகத்தில். ஹாரியின் பள்ளி எதிரி டிராகோ அதைப் பழுதுபார்த்து எதிரிகளைப் பள்ளிக்குள் கொண்டுவருவது ஆறாவதில். ஹாரியின் கோபத்திலும் கை வைக்கக் கூடாது. பள்ளித் தோழன் செட்ரிக் இறந்ததைக் கண்ணால் பார்த்த பையனைக் கோடை முழுக்க ஒரு சேதியும் சொல்லாமல் அடைத்துவைத்தால் வேறு எப்படி இருப்பான்?

வெட்ட வேண்டியது கிராப்பை. ஹேக்ரிட்டின் அந்த ராட்சதத் தம்பிக்காக எத்தனை பக்கம்! கடைசியில் காட்டில் சென்டார்களைச் சிதறடிப்பது ஒன்றுதான் அவனுடைய வேலை. அதைவிட உறுத்துவது, தலைமறைவாக இருக்கும் ஞானத்தந்தை சிரியஸ், தன்னோடு பார்த்துப் பேசிக்கொள்ள ஹாரிக்குக் கொடுத்த கண்ணாடி. அவரை வெளியே இழுத்துவிடக் கூடாது என்று ஹாரி பொட்டலத்தைப் பிரிக்காமலே பெட்டியில் போடுவது நியாயம். ஆனால் சிரியஸ் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்தே ஆக வேண்டிய நேரத்தில், கொடுமைக்கார ஆசிரியை அம்பிரிட்ஜின் கணப்பு அடுப்புக்குள் தலையை விட்டு விசாரிக்கத் துணிகிறவனுக்கு அது நினைவுக்கே வராது என்பது கதாசிரியரின் வசதி. உங்கள் எரிச்சலுக்கு உண்மையான காரணம் 766 பக்கமல்ல, இதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஏழாவதில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பகுதி இழுவை. கடைசி மோதலில் எந்த மந்திரக்கோல் யாருக்குச் சொந்தம் என்பதும் புரியவில்லை.

பதில்: செப்டம்பரில் ரயில், அக்டோபரில் ஹாலோவீன், டிசம்பரில் கிறிஸ்துமஸ், ஜூனில் தேர்வு என்று ஆறு புத்தகங்களாகப் பள்ளிதான் கதைக்குக் கால அட்டவணை போட்டுக் கொடுத்தது. ஏழாவதில் அது இல்லை. அடுத்து எங்கே போவது என்று பாத்திரங்களுக்குத் தெரியவில்லை, கதையும் கூடவே நிற்கிறது.

மந்திரக்கோல் கணக்கு இது. ஆறாவதில் கோபுர உச்சியில் டம்பிள்டோரின் கையிலிருந்து கோலைத் தட்டிவிடுபவன் டிராகோ. டம்பிள்டோர் வைத்திருந்தது எல்டர் கோல், எல்லாவற்றிலும் வலிமையான மந்திரக்கோல். அந்தக் கணமே அது டிராகோவுடையது. அதை அவன் தொட்டதே இல்லை என்பது வேறு விஷயம். ஏழாவதில் மால்ஃபாய் மாளிகையில் டிராகோ கையிலிருந்த அவனுடைய சொந்தக் கோலை ஹாரி பிடுங்குகிறான். வென்றவன் ஹாரி என்பதால் எல்டர் கோலின் விசுவாசமும் அவனுக்கு மாறுகிறது. டம்பிள்டோரைக் கொன்றவர் ஆசிரியர் ஸ்னேப், எனவே அவர்தான் சொந்தக்காரர் என்று வோல்டமோர்ட் போட்ட கணக்கு அதனால் தப்பு.

சம்பவங்கள் முன்பே விதைக்கப்பட்டவைதான். எல்டர் கோலை டம்பிள்டோருக்கு முன் வைத்திருந்த கிரிண்டல்வால்ட் பெயர்கூட முதல் புத்தகத்துச் சாக்லேட் அட்டையிலேயே இருக்கிறது. ஆனால் பிடுங்கினாலே உரிமை மாறும் என்ற விதி கடைசிப் புத்தகத்தில்தான் விளக்கப்படுகிறது. முடிவைத் தீர்மானிக்கும் விதி ஒரு பாகமாவது முன்னால் வந்திருக்க வேண்டும். உங்கள் குழப்பத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல.

கேள்வி: பெர்சி ஜாக்சன் முதல் ஐந்தும் எனக்கு உயிர். 'ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ்' வரிசையில் சிரிப்பே வரவில்லை. எனக்கு வயதாகிவிட்டதா?

பதில்: இல்லை, சொல்பவர் மாறிவிட்டார். 2005 முதல் 2009 வரை வந்த ஐந்தையும் பெர்சியே 'நான்' என்று சொல்கிறான். நகைச்சுவையில் முக்கால்வாசி அவனுடைய வாய்த்துடுக்கு. அத்தியாயத் தலைப்பிலேயே அது தொடங்கிவிடும். 2010-ல் தொடங்கிய இரண்டாம் வரிசை படர்க்கைக்குப் போகிறது. 'லாஸ்ட் ஹீரோ', 'சன் ஆஃப் நெப்டியூன்' இரண்டிலும் மூன்று மூன்று பேரின் பார்வை, 'மார்க் ஆஃப் அதீனா'வில் நான்கு, 'ஹவுஸ் ஆஃப் ஹேடிஸ்'ஸில் ஏழு. ஒருவரோடு ஒட்டிக்கொள்வதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். 2014-ல் வந்த கடைசிப் புத்தகத்தில் பெர்சிக்கும் அவன் காதலி ஆனபெத்துக்கும் ஓர் அத்தியாயம்கூட இல்லை; துணைப் பாத்திரங்களான ரேய்னாவுக்கும் நிக்கோவுக்கும் உண்டு. நிக்கோ அந்த இடத்துக்குத் தகுதியானவன்தான். ஆனாலும் முதல் புத்தகத்திலிருந்தே நமக்குத் தெரிந்த பெர்சியை முடிவில் வெளியிலிருந்து பார்க்க வைப்பது அநியாயம்.

பொறுத்துக்கொண்டு முடித்துவிடுங்கள். மூன்றாம் வரிசையான 'டிரையல்ஸ் ஆஃப் அப்போலோ' மறுபடி தன்மைக்குத் திரும்புகிறது. அப்போலோவின் தற்பெருமையும் ஒவ்வோர் அத்தியாயத் தொடக்கத்திலும் அவர் எழுதும் மகா மோசமான ஹைக்கூவும் உங்களுக்குப் பிடிக்கும். பெர்சியின் குரல்தான் வேண்டுமென்றால் 2023-ல் வந்த 'சாலிஸ் ஆஃப் த காட்ஸ்' இருக்கிறது.

கேள்வி: ஒரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் மூன்று வருடம் இடைவெளி. அதற்குள் எல்லாம் மறந்துபோகிறது. பழையதை மறுபடி முழுக்கப் படிக்க நேரமில்லை.

பதில்: முந்தைய பாகத்தின் கடைசி நூறு பக்கங்களைப் படியுங்கள், போதும். அதோடு, ஒரு பாகத்தை முடித்த அன்றே பின்னட்டையின் உள்பக்கம் ஒரு தாளைச் செருகி மூன்றை மட்டும் குறித்துவையுங்கள்: யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், எந்தப் பொருள் கைமாறியது, எந்த ரகசியம் யாருக்கு மட்டும் தெரியும். சண்டைகளைக் குறிக்க வேண்டாம், அவை தானாக நினைவுக்கு வரும்.

டிராகன் வீரன் எராகனின் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று புத்தகமாகத் திட்டமிட்டது, கடைசிப் பாகம் பெருத்துப்போனதால் நான்கானது. இரண்டாம் புத்தகமான 'எல்டெஸ்ட்'டுக்குப் பிறகு உங்கள் தாளில் இருக்க வேண்டியவை: காட்ரினாவை மீட்பதாக அவளுடைய காதலன் ரோரனுக்கு எராகன் கொடுத்த வாக்கு, எல்வா என்ற குழந்தையின் சாபத்தை நீக்குவதாகச் சொன்னது, எராகனின் ஜாராக் வாளை மர்டாக் எடுத்துக்கொண்டது. 2008-ல் வந்த மூன்றாவதான 'பிரிசிங்கர்' பெரும்பாலும் இந்தக் கடன்களைத் தீர்க்கும் புத்தகம். தாள் கையில் இல்லையென்றால், நாயகன் காரணமில்லாமல் அலைகிறான் என்றே தோன்றும். அந்த வரிசையில் முன்கதைச் சுருக்கமும் முன்னாலேயே அச்சிட்டிருக்கும், தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி: எர்த்ஸீ நான்காம் புத்தகம் 'டெஹானு' ஏமாற்றம். பெரிய மந்திரவாதி கெட் ஆடு மேய்க்கிறார்!

பதில்: மூன்றாம் புத்தகத்தின் முடிவில் அவர் தன் சக்தியை முழுக்கச் செலவழித்துவிட்டார். அதைப் படித்துவிட்டுத்தானே வந்தீர்கள்? அவசரத்துக்குச் சக்தியைத் திருப்பிக் கொடுக்கும் தொடர்களுக்கு நடுவே, இழந்தது இழந்ததுதான் என்று சொல்லும் துணிச்சல் இதற்கு இருக்கிறது. மூன்றாவது 1972-ல் வந்தது, இது 1990-ல். முதல் மூன்றில் பெண்களின் மந்திரம் மட்டம் என்பது அந்த உலகத்தின் பழமொழி. இங்கே, இரண்டாம் புத்தகத்தின் நாயகி டெனாரின் கண் வழியாக எழுத்தாளர் லெ குவின் அதைக் கேள்வி கேட்கிறார். சாகசம் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஐந்து வருடம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். இதையே கடைசிப் புத்தகம் என்று அட்டையில் போட்டார்கள். 2001-ல் இன்னும் இரண்டு வந்தன.

கேள்வி: 'த்ரோன் ஆஃப் கிளாஸ்' ஆறாம் புத்தகத்தில் நாயகியே இல்லையாமே. விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. அந்த ஆறாவதான 'டவர் ஆஃப் டான்' நடக்கும் காலமும் ஐந்தாவதின் காலமும் ஒன்றே. இடம்தான் தெற்குக் கண்டம். எதிரி ராணி மேவ் உண்மையில் யார் என்பது இங்கேதான் வெளிப்படுகிறது. அது தெரியாமல் ஏழாவது விளங்காது. ஐந்தையும் ஆறையும் மாற்றி மாற்றிப் படிக்கும் முறையை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்து வயது மகள் ஹாரி பாட்டர் முதல் மூன்றையும் மளமளவென்று முடித்துவிட்டாள். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: முதல் புத்தகத்தில் ஹாரிக்கு 11, கடைசியில் 17. புத்தகங்களும் அவனோடு வளர்கின்றன. நான்காவதைக் கொடுங்கள், ஆனால் 32 முதல் 34 வரையுள்ள அத்தியாயங்களைப் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது படிக்கச் சொல்லுங்கள். பள்ளித் தோழன் ஒருவன் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கொல்லப்படுவது அங்கேதான். அதைப் பற்றிப் பேசினாளென்றால் ஐந்தாவதைத் தரலாம். பேசாமல் ஒதுங்கினால் ஒரு வருடம் போகட்டும். இடையில் பெர்சி ஜாக்சன் கொடுங்கள். மேலே சொன்ன 'த்ரோன் ஆஃப் கிளாஸ்' மட்டும் இப்போது வேண்டாம். அதன் பிற்பாகங்கள் வயது வந்தவர்களுக்கானவை.