டிராஃப்டில் முதலில் பார்க்க வேண்டியது காலி இடமா, ஆட்டக்காரரின் தரமா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில், அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன் என் அணி யாரை எடுக்கலாம் என்று நானே ஒரு பட்டியல் போடுவேன். எந்த இடத்தில் ஆள் இல்லையோ அந்த இடத்துக்குத்தான் முதல் சுற்றில் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். அணிகள் பலமுறை அப்படிச் செய்வதில்லையே, ஏன்?

பதில்: முதல் சுற்றில் எடுக்கப்படும் ஆட்டக்காரருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் உண்டு, ஐந்தாம் ஆண்டும் அவரை வைத்துக்கொள்ளும் உரிமை அணியிடம் இருக்கிறது. ஆனால் நாம் ‘தேவை’ என்று சொல்வது பெரும்பாலும் வரப்போகும் ஒரு பருவத்தின் தேவையை மட்டுமே. ஐந்தாண்டு முடிவை ஓராண்டுக் கணக்கில் எடுப்பதுதான் இங்கே வரும் முதல் பிழை. கிரீன் பே அணி 2005இல் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவராக, பிரெட் ஃபாவ்ர் இருக்கும்போதே அதே இடத்துக்கு 24ஆவது தேர்வில் ஆரன் ராட்ஜர்ஸை எடுத்தது. அவர் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனது 2008இல்தான்.

உங்கள் கேள்விக்கு மிகப் பொருத்தமானது 2021இல் சின்சினாட்டி பெங்கல்ஸ் எடுத்த முடிவு. அதற்கு முந்தைய பருவத்தில் அவர்களுடைய இளம் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ பத்தே ஆட்டங்களில் 32 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டு, நவம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறியிருந்தார். ஆகவே ஐந்தாவது தேர்வில் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் டாக்கிள் (முன்வரிசையின் ஓரத்தில் ஆடுபவர்) பெனே சூவலை எடுத்து, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையைப் பலப்படுத்த வேண்டும் என்று பலரும் வற்புறுத்தினார்கள். பெங்கல்ஸோ, பர்ரோவின் கல்லூரித் தோழரான எறியப்படும் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர் ஜமார் சேஸை எடுத்தது.

இதைத் தேவையைப் புறக்கணித்த முடிவாகக் கொள்வது சரியல்ல. பல ஆண்டுகள் அணியின் முதன்மை ரிசீவராக இருந்த ஏ.ஜே. கிரீன் அப்போதுதான் விலகியிருந்ததால், அங்கும் ஓர் இடம் காலியாக இருந்தது. முன்வரிசைக்கு ஃப்ரீ ஏஜென்ட்டான (எந்த அணியோடும் ஒப்பந்தம் இல்லாத) ரைலி ரீஃப்பை டிராஃப்டுக்கு முன்பே ஓராண்டுக்கு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். இரண்டாம் சுற்றில் 38ஆவது தேர்வை நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்து, 46ஆவது தேர்வையும் நான்காம் சுற்றுத் தேர்வுகள் இரண்டையும் பெற்று, அந்த 46இல் முன்வரிசை ஆட்டக்காரர் ஜாக்சன் கார்மனை எடுத்தார்கள்.

சேஸ் முதல் பருவத்திலேயே 1,455 யார்டுகளும் 13 டச்டவுன்களும் எடுத்தார், அணி லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை சென்றது. ஆனால் ரீஃப் டிசம்பரில் காயமடைந்தார், கார்மன் நிலையான ஆட்டக்காரராக உருவாகவில்லை. வழக்கமான பருவத்தில் 51 முறை வீழ்த்தப்பட்ட பர்ரோ, டென்னசிக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் 9 முறையும், 20-23 என்று தோற்ற சூப்பர் பவுலில் 7 முறையும் வீழ்த்தப்பட்டார். ஏழாவது தேர்வில் டெட்ராய்ட்டுக்குப் போன சூவலோ பின்னாளில் லீகின் மிகச் சிறந்த டாக்கிள்களில் ஒருவரானார். ஆகவே சூவலைக் கேட்டவர்களின் வாதமும் வலுவானதே. என் கணிப்பில் சேஸை எடுத்தது தவறல்ல. முன்வரிசைக்கு அவர்கள் வைத்திருந்த மாற்றுவழிதான் பலவீனமாக இருந்தது. அடுத்த ஆண்டே அலெக்ஸ் காப்பா, டெட் காரஸ், லயல் காலின்ஸ் என மூவரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று.

எனவே உங்கள் பட்டியலைப் போடும்போது, ஆட்டக்காரர்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்துவதைவிடத் தர அடுக்குகளாகப் பிரியுங்கள். ஒரே அடுக்கில் இருவர் இருந்தால் தேவை முடிவு செய்யட்டும்; ஒருவர் மேலடுக்கிலும் மற்றவர் கீழடுக்கிலும் இருந்தால் தேவைக்காகக் கீழே இறங்க வேண்டாம். உங்கள் முறை வரும்போது மேலடுக்கு தீர்ந்துவிட்டிருந்தால், அந்தத் தேர்வை வேறு அணிக்குக் கொடுத்து, பின்னால் வரும் தேர்வுகளை வாங்கிக்கொள்வதே நல்லது. அடுத்து, அணியின் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே இப்போது ஆடுபவரின் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்பதையும், அந்த இடத்துக்குத் தரமான ஆள் ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில் கிடைப்பாரா என்பதையும் எழுதுங்கள். முன்வரிசையின் நடுவில் ஆடும் கார்டும் சென்டரும் பெரும்பாலும் கிடைப்பார்கள். நல்ல இடது டாக்கிளையும் குவார்ட்டர்பேக்கையும் எந்த அணியும் எளிதில் வெளியே விடுவதில்லை.